டெக்சாஸ் ஆற்றில் பார்த்த குவாடலூப் பாஸ் மீனும் எங்கள் ஊர்க் கண்மாயும்: ஒரு கேள்வி

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக ஆஸ்டினுக்குப் போய், ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் பள்ளத்தூர் திரும்பினேன். அங்கே பார்த்த ஒரு மீனைப் பற்றிக் கேட்க வேண்டும். அது வெறும் ஆசைக்குக் கேட்கிற கேள்வி இல்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மூத்த பேரனுக்குப் பதினொரு வயது. தூண்டில் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் ஜங்ஷன் என்ற ஊருக்குக் கூட்டிப் போனார். ஆஸ்டினிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் இருக்கும். அங்கே ஓடுவது சவுத் லானோ ஆறு. தேனாறும் மணிமுத்தாறும் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மணலாகக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இந்த ஆற்றைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் கண்ணாடி மாதிரித் தண்ணீர். கூழாங்கல்லை எண்ணலாம். மழை பெய்து ஒரு மாதம் ஆகிவிட்டது, இது ஊற்றுத் தண்ணீர் என்றார் மாப்பிள்ளை.

ஆழமில்லாமல் சலசலத்து ஓடுகிற இடத்துக்குக் கீழே ஒரு பெரிய பாறை. அதன் பின்பக்கம் தண்ணீர் சுழிக்கிற இடத்தில்தான் பேரன் தூண்டிலை வீசினான். ஒரு சாணுக்கு மேல் நாலு விரல் நீளத்தில் ஒன்று மாட்டியது. சின்ன மீன்தான். ஆனால் அது இழுத்த இழுப்பில் தூண்டில் கம்பு வளைந்துவிட்டது. ஐம்பது வருடமாக மீன் அலசிய கை இது, அதனால் உற்றுப் பார்த்தேன். முதுகு ஆலிவ் பச்சை. பக்கவாட்டில் வரிசையாகக் கறுப்புத் திட்டுகள், கட்டம் கட்டமாக, ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் சாய்சதுரம் போல. வயிற்றுப் பக்கம் வெளுப்பு, அதில் புள்ளி வரிசைகள். ரசம் வைக்கத் தோதான மீன் என்று நினைத்துப் பை எடுக்கப் போனேன். அதற்குள் பேரன் கையைத் தண்ணீரில் நனைத்து மீனைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, "இது குவாடலூப் பாஸ், ஆயா. டெக்சாஸைத் தவிர உலகத்தில் வேறே எங்கேயும் கிடையாது" என்று சொல்லி ஆற்றில் விட்டுவிட்டான்.

இது அழிந்துவருகிற மீன் என்றும் சொன்னான். அழிகிற அளவுக்கு இதைத் தின்றுவிட்டார்களா என்று கேட்டேன். இல்லையாம். ஆற்றில் விஷம் கலந்ததா? அதுவும் இல்லையாம். "வேறே மீனோட கலந்துபோச்சு ஆயா" என்றான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் பிடிபடவில்லை. மீன் கலந்தால் மீன் எப்படி அழியும்?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் ஊர்க் கண்மாயை இந்த வருடம் தூர் வாரியிருக்கிறார்கள். மழைக்கு முன்னால் மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமைக்கான ஏலம், வரப்போகிறது. ஏலம் எடுக்க நினைக்கிறவர் ஒருவர், ஜிலேபி (திலாப்பியா) மீன் குஞ்சும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் விடுவதாகப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கண்மாயிலிருந்து விரால், கெண்டை, குறவை, அயிரை என்று கூடை கூடையாக வீட்டுக்கு வரும். எங்கள் அப்பச்சிக்கு அயிரை மீன் குழம்பு என்றால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். "அந்த மீனெல்லாம் என்ன ஆகும்?" என்று கூட்டத்தில் கேட்டேன். "மீன் மீன்தானே ஆச்சி" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் ஒரு பதிலோடு போக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சான் மார்க்கோஸ் தேவகோட்டையான் எழுதியது:

ஆச்சி, வணக்கம். நான் தேவகோட்டை. இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது, ஆஸ்டினுக்குத் தெற்கே சான் மார்க்கோஸில் இருக்கிறேன். நீங்கள் பார்த்த மீனைத் தேடி வாராவாரம் ஆற்றில் நிற்கிறவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாஸ் என்றதும் நம்மூர்க் கொடுவாயை நினைத்துவிடக் கூடாது. அது கடலும் முகத்துவாரமும் சேர்ந்த மீன், குடும்பமே வேறு. அமெரிக்காவில் 'கருப்பு பாஸ்' என்று ஒரு நன்னீர்க் கூட்டம் உண்டு. வாய் பெரிய லார்ஜ்மவுத், வாய் சின்ன ஸ்மால்மவுத் என்று அதில் பல வகை. அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் குவாடலூப் பாஸ். 1874இல் பாரீசில் வையான், போக்கூர் என்ற இருவர் இதை முதலில் விவரித்து எழுதினார்கள். டெக்சாஸிலிருந்து மீனைப் பிரான்சுக்கு அனுப்பியவர் திரெகூல் என்ற தாவரவியல் அறிஞர். மீனின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. 1989இல் இதை டெக்சாஸின் மாநில மீனாக அறிவித்தார்கள்.

இதன் சொந்த இடம் டெக்சாஸ் நடுவிலுள்ள சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். பிராசோஸ், கொலராடோ, குவாடலூப், சான் அன்டோனியோ ஆறுகளில் வந்து சேரும் ஓடைகள் பல அந்த மேட்டில்தான் இருக்கின்றன. இந்தக் கொலராடோ டெக்சாஸுக்குள்ளேயே ஓடிக் கடலில் கலக்கிற ஆறு, பெரும் பள்ளத்தாக்கில் ஓடுகிற புகழ்பெற்ற கொலராடோ வேறு. நிற்கிற தண்ணீர் இந்த மீனுக்கு ஆகாது. உங்கள் பேரன் வீசிய இடம் மிகச் சரியான இடம். ஓட்டத்துக்குப் பக்கத்தில், பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, ஓட்டம் கொண்டுவரும் பூச்சியையும் சின்ன மீனையும் நண்டு போன்ற கிரேஃபிஷையும் பாய்ந்து பிடிக்கும். சின்ன ஓடையில் வாழ்ந்தே பழகியதால் உடம்பும் சின்னது. 2014இல் ஆஸ்டின் பக்கம் கொலராடோ ஆற்றில் பிடிபட்டதுதான் சாதனை மீன், அதுவே 3.71 பவுண்டு. நம் கணக்கில் ஒன்றே முக்கால் கிலோகூட இல்லை. காரைக்குடிச் சந்தையில் ஒரு நல்ல விரால் அதைத் தாண்டிவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1970களில் இந்த ஆறுகளில் ஸ்மால்மவுத் பாஸைக் கொண்டுவந்து விட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அது வடக்கத்தி மீன், இதைவிடப் பெரிதாக வளரும், தூண்டில்காரர்களுக்குப் பிடிக்கும் என்று மாநில வனவிலங்குத் துறையே விட்டது. இரண்டும் நெருங்கிய சொந்தம். ஒன்றோடு ஒன்று இணைந்தன. பிறந்த குஞ்சு மலடாக இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அது வளர்ந்து திரும்பவும் குவாடலூப்போடு இணையும், ஸ்மால்மவுத்தோடும் இணையும். இப்படி நாலு தலைமுறை போனால் ஆறு நிறைய மீன் இருக்கும், ஆனால் அந்த ஆற்றுக்கே உரிய மீன் அதில் இருக்காது. வலை போட்டு எண்ணினால் எண்ணிக்கை குறையாது, அதனால் கரையில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு இதில் மனசு கனப்பது அந்த இடம்தான், ஆச்சி. ஆறு வற்றினால் ஊரே பார்க்கும், மீன் செத்து மிதந்தாலும் பார்க்கும். இது யார் கண்ணிலும் படாமல் நடக்கிற அழிவு.

அப்புறம் அதைத் திருத்தியதும் அதே துறைதான். ஸ்மால்மவுத் விடுவதை நிறுத்தினார்கள். குவாடலூப் ஆற்றின் தலைப்பக்கம் ஜான்சன் கிரீக் என்ற ஓடையில், 1992லிருந்து கலப்பில்லாத குவாடலூப் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து வருடா வருடம் விட்டார்கள். 30 சதவீதம் போல இருந்த கலப்பு, காலப்போக்கில் 3 சதவீதம் அளவுக்கு இறங்கியது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் உப்பைத் தனியாகப் பொறுக்க முடியாதே, தண்ணீரும் புளியும் விட்டு விட்டுத்தானே சரிசெய்வீர்கள், அது மாதிரி. ஒரு ஓடைக்கே அத்தனை வருடம் பிடித்தது.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும். வசந்தத்தில் ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில் கூழாங்கல்லை வாலால் ஒதுக்கிக் குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பது அப்பன் மட்டும்தான். நீங்கள் போன ஏப்ரல் அந்தப் பருவம்தான். உங்கள் பேரன் உடனே விட்டது எவ்வளவு நல்ல காரியம் என்று அவனிடம் சொல்லுங்கள்.

கண்மாய்க்கரைக்காரன் எழுதியது:

ஆச்சி, நான் சிங்கம்புணரி பக்கம். ரெண்டு கண்மாய் குத்தகைக்கு எடுத்து நடத்தியிருக்கிறேன், அதனால் ஏலம் எடுக்கிறவன் பக்கத்தையும் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏலத் தொகையை முதலிலேயே கட்ட வேண்டும். தண்ணீர் ஆறு மாதம் நின்றால் அதிர்ஷ்டம். விராலை விட்டால் மற்றக் குஞ்சையெல்லாம் தின்றுவிடும், பிடிப்பதும் கஷ்டம். ஜிலேபி அப்படி இல்லை. என்ன கிடைத்தாலும் தின்னும், சாகாது, கிலோவுக்கு ஏதோ ஒரு விலை உடனே கிடைக்கும். கூலி வேலை முடிந்து போகிறவர் வாங்குகிற மீன் அதுதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் அனுபவத்தில் ஒன்று கண்டேன். 1952இல் இந்தியாவுக்கு வந்த மீன் இது. நம் பாட்டன் காலத்துக் கண்மாயில் கிடையாது. தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், அதனால் குஞ்சு சேதமே ஆகாது. வருடத்தில் பல தடவை பொரிக்கும். ஒரு தடவை விட்டேன், அடுத்த வருடம் கண்மாய் முழுக்க உள்ளங்கை அகல ஜிலேபிதான். கூட்டம் கூடினால் அது வளரவும் வளராது. விரல் நீளக் குட்டிகூட முட்டையோடு இருக்கும். எடை போட்டால் ஒன்றும் தேறவில்லை. கெண்டைக்குத் தீனியும் இல்லாமல் போனது.

இப்போது நான் விடுவது கட்லா, ரோகு, மிர்கால் மட்டும். அதுவும் நம்மூர் மீன் இல்லை, வடக்கே கங்கைப் பக்கத்து மீன். ஆனால் அதற்கு ஓடுகிற வெள்ளம் இருந்தால்தான் இனப்பெருக்கம். கண்மாய்த் தண்ணீரில் முட்டையிட்டுப் பெருகாது. நான் எத்தனை குஞ்சு விட்டேனோ அத்தனைதான். சித்திரையில் பிடித்து முடித்தால் கணக்கு முடிந்தது. குத்தகைக்காரனுக்கும் நஷ்டமில்லை, கண்மாய்க்கும் நிரந்தரக் கெடுதல் இல்லை. கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடவிடாதீர்கள். அது அரசு தடை செய்த மீன். தடையை விடுங்கள், நானே பார்த்திருக்கிறேன், குஞ்சு, தவளை எதையும் மிச்சம் வைக்காது. மழை நாளில் ஈரத் தரையில் ஊர்ந்து பக்கத்துக் குளத்துக்கே போய்விடும்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

தம்பி இருவருக்கும் நன்றி. குத்தகைக்காரரின் கஷ்டத்தை எழுதியதற்குக் கோபம் எதற்கு, அது தெரியாமல் கூட்டத்தில் பேசினால் என் பேச்சு எடுபடாது.

அப்பன் காவல் காக்கிற கதையைப் படித்ததும் விரால் நினைவுதான் வந்தது. மழைக்குப் பிறகு கண்மாய் ஓரத்தில் சிவப்பாக ஒரு பந்து மாதிரித் தண்ணீர் கொதிக்கும். விரால் பார்ப்பு என்று அப்பச்சி காட்டுவார்கள். அத்தனை குஞ்சுக்கும் கீழே தாயும் தகப்பனும் நிற்கும். பார்ப்பைக் கண்டால் அங்கே தூண்டில் போட்டுத் தாயைத் தூக்குகிறவர்கள் அப்போதும் உண்டு. அப்பச்சி மட்டும் அந்த மீனை விலைக்கு வாங்க மாட்டார்கள். "பிள்ளையை விட்டுட்டு வந்த மீன், வேணாம்" என்பார்கள். அப்போது எனக்கு அது புரியவில்லை.

தேவகோட்டைத் தம்பிக்கு இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, போன வருடம் ஜூலையில் செய்தியில் பார்த்த அந்தக் கோர வெள்ளம் வந்தது இதே குவாடலூப் ஆற்றில்தானா? இன்னொன்று, அந்த ஆறுகள் வற்றுவதே இல்லையா? நம்மூரில் பங்குனி வந்தால் கண்மாய் வெடித்துக் கிடக்கும். எங்கள் ஊரில் எல்லாரும் கவலைப்படுவது வறட்சியைப் பற்றித்தான், மீனைப் பற்றி இல்லை.

சான் மார்க்கோஸ் தேவகோட்டையான் எழுதியது:

ஆமாம் ஆச்சி, அதே ஆறுதான். 2025 ஜூலை 4 விடியற்காலை. கெர் கவுண்டியில் எத்தனை பிள்ளைகள் போனார்கள். அந்தக் கரையில் தூண்டில் போடப் பல மாதம் எனக்கு மனம் வரவில்லை. அந்த மேட்டுநிலத்தில் மண் மெல்லிய படலம்தான், அடியில் பாறை. பெய்த மழை உள்ளே இறங்க நேரமில்லாமல் ஓடைக்குப் பாயும், சில மணி நேரத்திலேயே ஆறு மர உயரத்துக்கு ஏறிவிடும். இந்த மீன் காலகாலமாக அந்த வெள்ளத்தோடு வாழ்ந்து வந்தது.

வற்றுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அதில்தான் உங்கள் கூட்டத்துக்கான பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சான் மார்க்கோஸ் பக்கம் பிளாங்கோ என்று ஒரு ஆறு. அங்கே கலப்பில்லாத குவாடலூப் பாஸே இல்லாமல் போய்விட்டது. 2011இல் டெக்சாஸில் கொடிய வறட்சி. பிளாங்கோ ஓட்டம் அறுந்து குட்டை குட்டையாக நின்றது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஆராய்ச்சியாளர்கள் அதை ஒரு வாய்ப்பாகப் பார்த்தார்கள். ஓடுகிற ஆற்றில் பிடிக்க முடியாத ஸ்மால்மவுத்தையும் கலப்பு மீன்களையும் அந்தக் குட்டைகளிலிருந்து அகற்றினார்கள். தண்ணீர் திரும்பியதும் குவாடலூப் குஞ்சுகளை விட்டார்கள். இன்று அவை அங்கே தாமாகவே பெருகுகின்றன.

அந்த ஆற்றுக்கு எப்போதோ ஒரு தடவை கிடைத்த வாய்ப்பு, உங்கள் கண்மாய்க்கு அநேகமாக வருடா வருடம் கிடைக்கிறது. கண்மாய் முழுக்கக் காய்ந்தால் ஜிலேபி செத்துவிடும். விரால் சாகாது. அது காற்றைச் சுவாசிக்கிற மீன், ஈரச் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். வறட்சி நம் மீனுக்குப் பழகிய விஷயம். ஆனால் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் சேற்றில் பிழைக்கும். அதனால்தான் கண்மாய்க்கரைத் தம்பி சொன்னது சரி. ஜிலேபியைக் கோடை தீர்க்கும், இதை எந்தக் கோடையும் தீர்க்காது. போதாததற்குக் கலப்பும் உண்டு. தாய்லாந்தில் இதையும் அவர்களுடைய நாட்டுக் கெளுத்தியையும் கலந்து வளர்க்கிறார்கள், அந்தக் கலப்பு வெளியே தப்பி நாட்டு இனத்துக்கே ஆபத்தாகியிருக்கிறது. குவாடலூப்புக்கு நடந்த அதே கதை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் சான் மார்க்கோஸ் ஆற்றங்கரையில் களை என்று வேரோடு பிடுங்குகிற செடிகளில் ஒன்று நம்முடைய சேம்பு. சேப்பங்கிழங்குச் சேம்பேதான். முதல் தடவை பார்த்தபோது ஓடிப்போய்த் தொட்டேன், ஊர் வந்த மாதிரி இருந்தது. பக்கத்திலேயே மேட்டில் மெஸ்கீட் மரம், நம்மூர்க் கண்மாய்களை அடைத்திருக்கிற சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. இங்கே அது சொந்த மண்ணில் ஒழுங்காக நிற்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

கூட்டம் நேற்று முடிந்தது. நீங்கள் எழுதியதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி கூடாது என்பதில் யாரும் மறுத்துப் பேசவில்லை. தடை செய்த மீன் என்பதே ஏலம் எடுக்க வந்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அவரே விட்டுவிட்டார். ஜிலேபிக்குத்தான் ஒரு மணி நேரம் வாக்குவாதம். கட்லா, ரோகு கண்மாயில் பெருகாது, விட்டது மட்டும்தான் இருக்கும் என்று சொன்னதும், "அப்போ வருஷா வருஷம் குஞ்சு வாங்கணுமே, செலவு யாரு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஏலத் தொகையில் அதற்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா என்று ஊரார் யோசிக்கிறார்கள். முடிவு அடுத்த கூட்டத்தில்.

நான் கேட்ட ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டார்கள். பார்ப்பு தெரிகிற இடத்தில், குஞ்சு பிரிந்து போகிறவரை யாரும் தூண்டில் போடுவதில்லை, ஏலம் எடுத்தவரும் சேர்த்துத்தான்.

பேரனிடம் போனில் சொன்னேன். அந்தச் சிவப்புப் பந்தை அவனுக்குப் பார்க்க வேண்டுமாம். மழை பிடித்ததும் விடியற்காலையில் கரைக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பையனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், என் போனில் தூரத்தில் இருப்பது சரியாக விழுவதில்லை.